பேச்சு என்னும் பக்க விளைவு

அந்த வருஷம் பன்றிக்காய்ச்சல் பெங்களூருக்கு வந்துவிட்டது என்று பேப்பரில் போட்ட அன்றைக்கே, ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு ஹார்ன் செய்யும் ஒரு தொழிற்சாலை அதை எதிர்கொள்ளத் தயாராகிவிட்டது. காய்ச்சல் ஜுஜுவாடி சோதனைச்சாவடியைத் தாண்டுவதற்குள் ஒரு குழு, குழுவுக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு சின்னம் எல்லாம் ஆயிற்று. சின்னம் ஒரு பன்றி. பன்றி சிரிக்கலாமா கூடாதா என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. சிரித்தால் நிர்வாகம் நோயை ஊக்குவிப்பது போலாகும். முறைத்தால் தொழிலாளர் மனம் சோரும். கடைசியில் பன்றிக்கு முகக்கவசம் மாட்டி விவகாரத்தை முடித்தார்கள்.

குழுவின் தலைவர் மனிதவள மேலாளர் ஜெகதீஷ். பெங்களூரிலிருந்து தினமும் காரில் வந்து போகிறவர். எந்தச் சிக்கலைப் பற்றியும் மைக்கில் பேசி முடித்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று உண்மையாகவே நம்புகிறவர். துணைத் தலைவர் தர மேலாளர் ஸ்ரீராம். அவருக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்தான்: பச்சை அட்டை கட்டியது, சிவப்பு அட்டை கட்டியது. விருந்துக்குப் போனால் பாயசத்தைக்கூட மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் சோதித்துவிட்டுத்தான் குடிப்பார்.

குழு முதல் வேலையாக ஓர் உறுதிமொழி எழுதியது. தினமும் காலையில் எல்லோரும் வரிசையாக நின்று கையை நீட்டிச் சொல்ல வேண்டும்: "நான் தும்ம மாட்டேன். தும்ம நேர்ந்தால் என் மேற்பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிவிப்பேன்."

மூன்றாவது வரிசையில் நின்றிருந்த சுடலைமுத்து, 'முன்கூட்டியே' என்ற இடத்தில் தும்மிவிட்டார்.

சுடலைமுத்து வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், பிறகு அதைப் பற்றிக் கேட்பதற்கும் ஆள் இல்லாமல் போய்விட்டது. எட்டு வருஷமாக ஒரே வேலை. ஒலி வெளியே போகாத சின்ன அறைக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு ஹார்னையும் அடித்துப் பார்த்து, நல்லதை வலப்பக்கமும் நொண்டியை இடப்பக்கமும் வைப்பது. அறைக்குள் பேச ஆள் கிடையாது. வெளியே வந்தால் காது அடைத்திருக்கும். யாராவது ஏதாவது கேட்டால் பொதுவாகத் தலையை ஆட்டிவைப்பார். நாளாவட்டத்தில் கேட்பதை அவர்களும் விட்டுவிட்டார்கள்.

அன்று அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டாக்டர் ரேவதி தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"இளைப்பு உண்டா உங்களுக்கு?"

"சின்னதுலேர்ந்து உண்டு டாக்டர்."

"அப்ப ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிச்சிடுவோம். அஞ்சு நாள், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வெறும் வயித்துல போடாதீங்க, சாப்பிட்டுட்டுப் போடுங்க. குமட்டும், வாந்தி வரலாம், தலை வலிக்கலாம். அதுக்காகப் பாதியில நிறுத்திடாதீங்க. உங்க நெஞ்சுக்கு அது ஆபத்து. வாந்தியில மாத்திரையே வெளிய வந்துட்டா, நீங்களா இன்னொண்ணு போடாம என்னைக் கேளுங்க. மூச்சு முட்டினாலோ, உடம்பெல்லாம் தடிச்சாலோ உடனே வரணும். அபூர்வமா சில பேருக்குக் குழப்பம் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆளே மாறின மாதிரி நடந்துக்குவாங்க. அது போட்டுக்கிறவங்களுக்குத் தெரியாது, கூட இருக்கிறவங்கதான் கவனிக்கணும். வீட்ல கூட யார் இருக்கா?"

இந்தக் கேள்விக்குத் தலையாட்ட முடியவில்லை. டாக்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தன் பதிலுக்காகவே காது கொடுத்து நிற்பது போல சுடலைமுத்துவுக்குத் தோன்றியது.

"கம்பெனி இருக்கு டாக்டர்," என்றார்.

சொல்லிவிட்டார். அதற்கப்புறம் கம்பெனி இருந்தது.

தொழிற்சாலையின் கோடியில், யூகலிப்டஸ் மரங்களுக்குப் பக்கத்தில், விருந்தினர் விடுதியின் ஓர் அறையை அவருக்கு ஒதுக்கினார்கள். வாசலைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டினார்கள். அவர் உள்ளே போய்விட்டார், மாத்திரை போகவில்லை. வாசலுக்குள் வரும் எந்தப் பொருளும் முதலில் தரச் சோதனைக்குப் போக வேண்டும் என்பது விதி. ஆணியானாலும் அதேதான், ஆரஞ்சுப்பழமானாலும் அதேதான். ஸ்ரீராம் பத்து கேப்ஸ்யூலையும் எடை போட்டார், நீளம் அளந்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மாதிரிக்கு ஒன்றை எடுத்துக் கத்தியால் நறுக்கி, உள்ளே இருந்த பொடியைத் தட்டில் கொட்டினார்.

"திருப்தி," என்று பச்சை அட்டை கட்டினார்.

"சார், பத்தும் போடணும்னு டாக்டரம்மா சொன்னாவ. இப்பம் ஒம்போதுதான இருக்கு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் சுடலைமுத்து.

"ஒன்பதும் தரமானதுன்னு இப்ப நமக்கு உறுதியாத் தெரியும். முன்னாடி பத்து இருந்துச்சு, ஒண்ணைப் பத்தியும் தெரியாது. எது பெட்டர்?"

குறைந்த ஒன்றை வாங்குவதற்குக் கொள்முதல் பிரிவுக்கு எழுதினார்கள். மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்டுத்தான் எதையும் வாங்குவது அங்கே வழக்கம். இந்த மாத்திரையோ அரசு ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் கிடையாது. அங்கே விலையும் கிடையாது. இலவசமாகக் கொடுக்கிறவனிடம் எப்படிப் பேரம் பேசுவது என்று தெரியாமல் கொள்முதல் பிரிவு திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது.

குழு தன் கூட்டங்களை விடுதிக்கு முன்னால் புல்தரையிலேயே நடத்தியது. ஷாமியானா போட்டு, ஒலிபெருக்கி கட்டி, நோயாளி அறைக்குள்ளிருந்தே கலந்துகொள்ள வசதி செய்யப்பட்டது. ஹார்ன் செய்கிற கம்பெனி என்பதால் ஒலிபெருக்கிக்குக் குறைவில்லை.

"நண்பர்களே," என்று ஆரம்பித்தார் ஜெகதீஷ். "இந்த மாத்திரைக்குப் பக்க விளைவு இருக்காம். இருக்கட்டும். உலகத்துல யாருக்கு வேணும்னாலும் வரட்டும். ஆனா நம்ம கம்பெனியில போன வருஷம் விபத்து ஜீரோ, புகார் ஜீரோ. அதனால பக்க விளைவுக்கும் நம்ம இலக்கு ஜீரோ. சுடலைமுத்து நம்ம இலக்கைக் காப்பாத்துவார்ங்கற நம்பிக்கை எனக்கு முழுசா இருக்கு."

கை தட்டினார்கள். மாத்திரை பூட்டிய பெட்டியில் இருந்தது. கூட்டம் முடிந்த பிறகுதான் வெளியே வரும். சாப்பாடு மாத்திரைக்குப் பிறகுதான் வரும். எச்சில் தட்டு கேண்டீனுக்குத் திரும்பிப் போவதற்கு அனுமதி வாங்குவது இன்னும் பாக்கி இருந்தது.

"சார், சாப்ட்டுட்டுப் போடணும்னாவ."

"முதல்ல மாத்திரை சுடலைமுத்து. அது புரோசீஜர்," என்றார் ஸ்ரீராம்.

வெறும் வயிற்றில் போட்டார். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார். குழு மறுபடி கூடியது. வெளியே வந்த கேப்ஸ்யூலை உட்கொண்டதாகக் கணக்கில் எடுப்பதா, திரும்பி வந்த சரக்காக வரவு வைப்பதா என்று ஸ்ரீராம் ஒரு பக்கமும் ஜெகதீஷ் ஒரு பக்கமும் நெடுநேரம் வாதாடினார்கள். இதை டாக்டரிடம் கேட்கலாம் என்று ஜன்னலிலிருந்து வந்த யோசனையை, நிகழ்ச்சிநிரலில் இல்லாததால் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து, கூட இருந்து கவனிக்கிறவர். ஆஸ்பத்திரி சொன்னது, பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்று. குழுவின் விதி சொன்னது, பக்கத்தில் எவரும் இருக்கக் கூடாது என்று. இரண்டுக்கும் மதிப்புக் கொடுத்து, கயிற்றுக்கு அப்பால் ஒரு நாற்காலி போட்டு, காவலாளி கிருஷ்ணப்பனைக் கையில் வாக்கி-டாக்கியோடு உட்காரவைத்தார்கள். நோயாளி வழக்கத்துக்கு மாறாக எதையாவது செய்தால் உடனே தெரிவிக்க வேண்டும்.

"தெரிவிக்கிறன் சார். வழக்கம்னா என்னாங்க சார்?" என்றார் கிருஷ்ணப்பன்.

நியாயமான கேள்வி. சுடலைமுத்துவின் வழக்கம் என்ன? அதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு விசாரணை நடந்தது. புல்தரையில், ஒலிபெருக்கியில். ஜன்னலுக்குப் பின்னால் சுடலைமுத்து போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

முதலில் மேற்பார்வையாளர் மாதேஸ்வரன். "எட்டு வருசமா என் லைன்தாங்க. தங்கமான மனுசங்க."

"என்ன பேசுவார்?"

"பேச மாட்டாருங்க."

"என்ன பிடிக்கும்? எதுக்குச் சிரிப்பார்? எதுக்குக் கோபப்படுவார்?"

"அதெல்லாம்..." மாதேஸ்வரன் மைக்கைக் கை மாற்றிக்கொண்டார். "தங்கமான மனுசங்க."

அடுத்தது கேண்டீன் நாகம்மா. "தட்டைக் கழுவி வெச்சிட்டுப் போவாரே, அவருங்களா? இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னா தலைய ஆட்டுவாரு. ஆமாங்கறாரா வேணாங்கறாரான்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல சாமி. அதனால பாதி போடுவன்."

கடைசியாக, அவர் குடியிருக்கும் வரிசையில் பக்கத்து அறைக்காரருக்குப் போன் போட்டு, போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

"ஏழாம் நம்பரா?" என்றது போன். "அந்த ரூம்ல ஆள் இருக்காங்களா?"

புல்தரையில் யாரும் சிரிக்கவில்லை. ஸ்ரீராம் தகவல்களைத் தொகுத்தார். வழக்கம்: பேசுவதில்லை. தலையாட்டுவார். தட்டு கழுவுவார். இதை அட்டையில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கிருஷ்ணப்பன் கையில் கொடுத்தார்கள். சுடலைமுத்து கட்டிலில் திரும்பிப் படுத்தார். காய்ச்சலில் கண் எரிந்தது.

கிருஷ்ணப்பன் தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். ராகி போட்டிருந்தார். ராத்திரி யானைக்குக் காவல், பகலில் கம்பெனிக்குக் காவல். யானை வராத நாளில்தான் தூக்கம். அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

"ஏனப்பா, ஊட்டா ஆய்த்தா?"

சுடலைமுத்து தலையாட்டினார்.

"அப்பிடி ஆட்டினா எனக்கு எப்பிடித் தெரியும்? சாப்ட்டியா, இல்லியா?"

"இல்ல." பல நாள் பூட்டிக் கிடந்த கதவைத் தள்ளின மாதிரி இருந்தது குரல். "மாத்திரைக்குப் பொறவுதான் தருவாவளாம்."

"என்னா கூத்துடா இது!" கிருஷ்ணப்பன் தன் தூக்குப் போசியை எடுத்து, இரண்டு ராகி உருண்டையைத் தாளில் சுற்றி, கம்பு நுனியில் செருகி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே ஜன்னலுக்குள் நீட்டினார். யானையை விரட்டும் கம்பு, நீளம் இருந்தது. அன்று சாயங்கால மாத்திரை வயிற்றில் தங்கியது.

வேலை முடிந்து ஊருக்குப் போகிற வழியில் கிருஷ்ணப்பன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். மறுநாள் வரும்போது சோற்றுப் போசியின் மூடிக்குள் இரண்டு கேப்ஸ்யூல், தரச் சோதனைக்குத் தெரியாமல் உள்ளே வந்துவிட்டன.

"டாக்டரம்மா குடுத்தாங்க. ஒண்ணு உங்க ஆளு நறுக்கினதுக்கு, ஒண்ணு வாந்தியில போனதுக்கு. நறுக்கினாங்கன்னு சொன்னா நம்பவே இல்லப்பா அந்தம்மா. முந்தி சொன்னதையே அழுத்திச் சொல்லுன்னாங்க: சாப்ட்டுட்டுப் போடு, குமட்டினா பயப்படாத, பாதியில மட்டும் வுட்டுடாத. கண்ணுக்கு எதனா தப்பாத் தெரியுதா ஒனக்கு?"

"எதுத்தாப்புல ஒரு யானக்காரன் உக்காந்திருக்கான்."

கிருஷ்ணப்பன் ஒரு கணம் விழித்தார். பிறகு வாக்கி-டாக்கி கீழே விழும்படி சிரித்தார்.

அதற்குப் பிறகு சுடலைமுத்துவை நிறுத்த முடியவில்லை. அவர் ஊரில் காற்று அடித்தால் கொடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து ஊருக்கு வாக்கப்பட்டுப் போய்விடும் என்று சொன்னார். நெடுஞ்சாலையில் ஒரு லாரி கத்திக்கொண்டு போனால் கையைத் தூக்கி, "இது நான் பாஸ் பண்ணி வுட்டது," என்பார், இன்னொன்றுக்கு முகத்தைச் சுளித்து, "இத வுட்டவனச் சொல்லணும்." யானை வந்தால் ஹார்ன் அடித்து விரட்டலாமா என்று கேட்டார். "அடிச்சிப் பாத்தன். சானமாவு காட்டுல ஒரு கொம்பன் திரும்பி நின்னு இன்னொருக்கா அடிங்கற மாதிரி பாக்குது," என்றார் கிருஷ்ணப்பன். குமட்டல் இருந்தது, தலைவலியும் இருந்தது. காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு சீராக இருந்தது.

நல்ல செய்தியை மறைப்பானேன் என்று கிருஷ்ணப்பன் வாக்கி-டாக்கியில் சொன்னார்: "நோயாளி நல்லா இருக்காரு சார். நல்லாப் பேசறாரு. வுழுந்து வுழுந்து சிரிக்கிறாரு. ஓவர்."

ஷாமியானா மறுபடி எழும்பியது.

"வழக்கத்துக்கு முற்றிலும் மாறான நடத்தை," என்று அட்டையைத் தூக்கிக் காட்டினார் ஸ்ரீராம். "பேசுவதில்லைன்னு இருக்கு; பேசுறார். சிரிப்பு அட்டையிலேயே இல்லை."

"சார்!" சுடலைமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இது மாத்திரையால இல்ல சார். பேச ஆள் இருந்துச்சு, பேசுனேன். அம்புட்டுதான்."

"பாருங்க," என்றார் ஜெகதீஷ் கூட்டத்தைப் பார்த்து, வருத்தத்தோடு. "எவ்வளவு நீளமாப் பேசுறார் பாருங்க. எட்டு வருஷத்துல என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை இந்த மனுஷன். ஒரு கோரிக்கை இல்லை, ஒரு குறை இல்லை. ஒவ்வொரு மேனேஜ்மென்ட் மீட்டிங்லயும் நான் சொல்வேன், ஊழியர்னா இப்படி இருக்கணும்னு. பேரு தெரியாது, ஆனா சொல்வேன். அப்பேர்ப்பட்டவரை இந்த மாத்திரை என்ன பண்ணி வெச்சிருக்கு! மீதி மாத்திரையை உடனே நிறுத்துங்க."

"நிறுத்தப்படாது சார்! நெஞ்சுல எறங்கிரும்னு டாக்டரம்மா சொன்னாவ. அவுகளுக்கு ஒரு போன் போடுங்க சார்."

"எதிர்த்துப் பேசுகிறார்," என்று குறித்துக்கொண்டார் ஸ்ரீராம். பிறகு பலகையைக் கொண்டுவரச் சொல்லி, பிரச்சினையின் ஆணிவேரைத் தேடினார். அங்கே எந்தக் கோளாறுக்கும் 'ஏன், ஏன்' என்று ஐந்து முறை கேட்டு அடிவரைக்கும் போவது முறை. நோயாளி ஏன் பேசினார்? எதிரில் ஆள் கேட்டதால். ஆள் ஏன் கேட்டார்? அங்கே உட்கார்ந்திருந்ததால். ஏன் உட்கார்ந்திருந்தார்? நாற்காலி போட்டதால். ஐந்தாவது 'ஏன்' வரைக்கும் போகத் தேவையிருக்கவில்லை. நாற்காலியை எடுத்தார்கள். கிருஷ்ணப்பனைப் பின்வாசலுக்கு மாற்றினார்கள். அவர் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, "வுட்டுடாதப்பா," என்றார். நாற்காலி இருந்த இடத்தில் ஒரு கேமரா வைத்தார்கள்.

நோயாளியின் நடத்தை வழக்க நிலைக்குத் திரும்பிவிட்டது என்று குழுவுக்குத் திருப்தி ஏற்பட்டால் மீதி மாத்திரை தரப்படும் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. சுடலைமுத்து கேட்டுக்கொண்டார். கிருஷ்ணப்பன் கொண்டுவந்த இரண்டும் ஒரு நாளைக்குத்தான் வரும். மீதி மாத்திரை பெட்டிக்குள், பேச்சு வாய்க்குள். இரண்டில் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும். சந்தையில் இப்படி ஒரு வியாபாரம் நடந்தால் நாலு பேர் கூடித் தட்டிக்கேட்பார்கள். இங்கே கூடியிருந்தவர்கள் எல்லோரும் குழு உறுப்பினர்கள்.

அவர் இருமினார். நெஞ்சுக்குள் பழைய விசில் சத்தம் லேசாகக் கேட்கிற மாதிரி இருந்தது. கேமராவுக்கு நேராகப் போய் நின்றார். தலையை ஆட்டினார். பிறகு தட்டைக் கழுவினார்.

அன்று சாயங்காலமே மாத்திரை வந்தது. தட்டுப் பிரச்சினையும் தீர்ந்திருந்ததால் சோறு முன்னாலேயே வந்தது. மிச்சமிருந்ததையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காகப் போட்டார். நெடுஞ்சாலையில் லாரிகள் கத்தின. கை தானாக உயரப் பார்த்தது, தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஒரு தடவை தனக்குத்தானே சிரித்துவிட்டு, இருமல் போல அதை மாற்றினார். காய்ச்சல் விட்டது. மூச்சு தெளிந்தது. டாக்டர் ரேவதி நெஞ்சைச் சோதித்து, "சுத்தமா இருக்கு. ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?" என்று கேட்டார். கூட வந்திருந்த ஜெகதீஷ், "ஜீரோ மேடம்," என்றார்.

குணமானதற்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. சால்வை போட்டார்கள். "இவர்தான் நம்ம சுடலைமுத்து!" என்று பெயர் சொல்லி அறிமுகம் செய்தார் ஜெகதீஷ். "பக்க விளைவு வந்தது, நம்ம சிஸ்டம் கண்டுபிடிச்சது, நம்ம சிஸ்டம் சரி பண்ணுச்சு. இப்ப உங்க முன்னாடி பழையபடி நிக்கிறார். சுடலைமுத்து, ரெண்டு வார்த்தை பேசுங்க."

மைக் கைக்கு வந்தது. முன்வரிசையில் ஸ்ரீராம் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுடலைமுத்து மைக்கைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து எதுவோ மேலே ஏறி வந்தது, குமட்டல் இல்லை. அதை விழுங்கிக்கொண்டு, தலையை ஆட்டினார்.

முழுக் குணம்! எழுந்து நின்று கை தட்டினார்கள். அத்தனை நேரம் அந்தத் தொழிற்சாலையில் எவருக்கும் கை தட்டியதில்லை.

ஷிப்ட் முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் கிருஷ்ணப்பன் நின்றிருந்தார். சுடலைமுத்துவோடு பேசக் கூடாது என்று அவருக்கு எழுத்தில் கொடுத்திருந்தார்கள். கம்பெனிச் சுவரின் கேமரா நிறுத்தத்தைப் பார்த்தபடி இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். தேன்கனிக்கோட்டை பஸ் வந்தது. கிருஷ்ணப்பன் ஏறினார். பின்னாலேயே சுடலைமுத்துவும் ஏறினார். அவருடைய அறை இருப்பது அந்தப் பக்கம் இல்லை.

பஸ் திரும்பி, சுவர் கண்ணை விட்டு மறையும்வரை பொறுத்திருந்தார். பிறகு பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, "அண்ணே," என்றார்.

கிருஷ்ணப்பன் தூங்கிப்போயிருந்தார். முந்தின ராத்திரி யானை வந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, தலை சுடலைமுத்துவின் தோளில் சாய்ந்துவிட்டது.

எழுப்ப மனம் வரவில்லை. தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார். மத்திகிரி தாண்டியது. வயல்கள் வந்தன. சேர்த்துவைத்ததெல்லாம் உள்ளே இருப்புக் கொள்ளாமல், தூங்குகிற காதுக்குப் பக்கத்தில் மெதுவாக ஆரம்பித்தார். சால்வையைப் பற்றிச் சொன்னார். ஸ்ரீராம் மடியில் இருந்த அட்டையைப் பற்றிச் சொன்னார். ஊரில் அக்காள் வீட்டுக்கு ஒரு போன் போடலாமா என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, சரி, போடுதேன் என்றும் அவரே சொன்னார்.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் நின்று பார்த்தார்.

"தூங்கறவர்கிட்டவா பேசிக்கிட்டு வர்றீங்க? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"இருந்துச்சு," என்றார் சுடலைமுத்து. "இப்பம் மாத்திரையெல்லாம் முடிஞ்சிட்டு."